துரை பங்களாவில் தட்டு மாற்றிய நாள்

அதை ஹோட்டல் என்று சொல்லக் கூடாதாம். வரவேற்பு மேசையில் நின்ற பெண்பிள்ளை என்னைத் திருத்தினாள். "பூட்டிக் ஹெரிட்டேஜ் பங்களா, மிஸ்." சரி தாயே, அப்படியே இருக்கட்டும் என்றேன். வெள்ளைக்காரன் இருந்த காலத்தில் அது துரை பங்களா. கம்பெனிக்காரர்கள் வந்து போன காலத்தில் பெரிய பங்களா. பிறகு கூரை ஒழுகி, வௌவால் குடியேறி, ஜன்னல் கண்ணாடியையெல்லாம் எவனெவனோ கழற்றிக்கொண்டு போனபோது அது பேய் பங்களா. இப்போது கொழும்பிலிருந்து ஒருவர் குத்தகைக்கு எடுத்து, வெள்ளையடித்து, நீச்சல் குளம் வெட்டி, மிச்சமிருந்த ஓட்டை உடைசலுக்கெல்லாம் பழமை என்று பெயர் வைத்து விற்கிறார். குளியலறைக் கதவு சாத்த வரவில்லை என்று சொன்னேன். அது அந்தக் காலத்துக் கதவு, அப்படித்தான் இருக்கும் என்றார்கள். அந்தக் காலத்துத் துரை கதவைத் திறந்து வைத்துக்கொண்டா குளித்தான்?

இடம் கரவனெல்லைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். என் அக்கா அந்தத் தோட்டத்தில்தான் பால்வெட்டுகிறாள். பங்களாவிலிருந்து கீழே பார்த்தால் மரங்களுக்கு நடுவில் அவளுடைய லயத்தின் தகரக் கூரை தெரியும். வரிசையாக ஒட்டிக் கிடக்கும் காம்பராக்கள், ஒரே கூரை. நான் பெல்மதுளையில் ஒரு பலசரக்குக் கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டுத் தோட்டத்தை விட்டு வந்து எத்தனையோ வருஷமாயிற்று. அக்கா அங்கேயே கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டாள். அத்தான் தோட்டத்து வாச்சர், காவல் வேலை. ஒரே மகள். அந்தப் பிள்ளை படித்து நர்ஸாகிவிட்டாள். பயிற்சிக்குக் கொழும்புக்குப் போன இடத்தில் ஒரு பையனைப் பிடித்துப்போயிற்று. கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பையன், மரியாதை தெரிந்தவன், அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் அவனைப் பெற்ற புண்ணியவதிமேல்தான்.

அந்த அம்மாள் வெள்ளவத்தையில் இருக்கிறார். பேச்சில் "ஓம்", "கதைக்கிறது", "எங்கட ஆக்கள்" என்று யாழ்ப்பாணம் மணக்கும். யாழ்ப்பாணமா என்று கேட்டால் இல்லை, கொழும்பு என்பார். கொழும்புக்கு முன்னால் எந்த ஊர் என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். "தோட்டம் எல்லாம் எங்களுக்குத் தெரியாது, படத்திலதான் பார்த்திருக்கிறம்" என்று முதல் நாளே எனக்குச் சொன்னார். நான் கேட்கவேயில்லை, தானாகச் சொன்னார். நிச்சயதார்த்தத்தை இந்தப் பங்களாவில் வைக்க வேண்டும், இரண்டு குடும்பமும் முதல் நாளே வந்து தங்கிப் பழக வேண்டும், போட்டோ நன்றாக வரும் என்பதெல்லாம் அவருடைய ஏற்பாடு. அது பெண்ணைப் பெற்றவள் வேலை செய்கிற தோட்டத்துப் பங்களா என்று அவருக்குத் தெரிந்தபோது எல்லாம் பேசி முடிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் எனக்கு அந்தத் தொலைபேசி வந்தது.

எங்கள் ஆட்களில் நிச்சயதார்த்தம் என்றால் தட்டு மாற்றுவதுதான். வெற்றிலை பாக்கு, பழம், சேலை வைத்த தட்டைப் பெண்ணைப் பெற்றவர்கள் நீட்ட, மாப்பிள்ளையைப் பெற்றவர்கள் தங்கள் தட்டை நீட்ட, கை மாறினால் பேச்சு உறுதி. அந்தத் தட்டை அக்கா தொட வேண்டாமாம். "உங்கட அக்காவின்ர கையைப் பார்த்தால் எங்கட ஆக்கள் கேள்வி கேட்பினம். நீங்கள் கடை வைச்சிருக்கிற ஆக்கள்தானே, நீங்களும் உங்கட மிஸ்டரும் நின்று மாத்துங்கோ." இவ்வளவையும் தேன் ஒழுகச் சொன்னார். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்பார்களே, அதுதான். ஊசி முழுதாக உள்ளே போன பிறகுதான் எனக்கு வலித்தது.

அக்காவின் கை எப்படி இருக்கும் என்றால், விரல் ரேகையெல்லாம் கறுத்து, நகக்கண்ணில் கறுப்பு ஏறி, உள்ளங்கையில் ஆங்காங்கே தீய்ந்தது மாதிரித் திட்டாக இருக்கும். வெட்டின மரத்தில் காய்ந்து நிற்கிற ஒட்டுப்பாலைத் தினமும் இழுத்துப் பிய்க்கிற கை வேறு எப்படி இருக்கும்? நான் கோபமாகப் போய் அவளிடம் சொன்னேன், சம்பந்தமே வேண்டாம், முறித்துவிடு என்று. அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "தட்ட யாரு குடுத்தா என்னாடி? புள்ள நல்லா இருந்தா சரி," என்றாள். மகளுக்கு இது தெரியக் கூடாது, தெரிந்தால் கலியாணமே வேண்டாம் என்பாள் என்று என்னிடம் சத்தியம் வேறு வாங்கிக்கொண்டாள். அத்தானிடம் கேட்டதற்கு, அக்கா சொன்னால் சரி என்றார். அந்த மனிதர் வாழ்க்கையில் பேசினதே அந்த ஒரு வசனம்தான்.

ஆக, நாங்கள் பங்களாவுக்குப் போய் இறங்கினோம். இறங்கியதும் ஒரு பையன் தட்டில் ஈரத் துவாய்களைச் சுருட்டி வைத்துக்கொண்டு வந்து ஆளுக்கொன்றாக இடுக்கியால் தூக்கி நீட்டினான். கை துடைக்கவாம். பால் வெள்ளைத் துவாய். எல்லோரும் எடுத்தோம். அக்கா எடுக்கவில்லை. அவள் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, வேண்டாம் தம்பி, இப்பத்தான் கழுவினேன் என்றாள். அது பொய்யில்லை. ஒரு வாரமாகக் கழுவிக்கொண்டுதான் இருந்தாள். தேசிக்காய், சாம்பல், மண்ணெண்ணெய் என்று ஒன்றையும் விடவில்லை. தோல் உரிந்ததுதான் மிச்சம். முந்தானைக்குள் போன கை, அன்று முழுக்கச் சாப்பிடுகிற நேரம் தவிர வெளியே வரவில்லை.

எங்களுக்குக் கொடுத்த அறைக்குப் பெயர் கங்காணி அறை. பக்கத்தில் கணக்கப்பிள்ளை அறை. மாப்பிள்ளை வீட்டுக்குத் துரை அறை. நல்லவேளை, பாக்கியிருந்த அறைக்குக் கூலி அறை என்று வைக்கவில்லை என்று நினைத்தேன். பின்பக்கம் போய்ப் பார்த்தால் பழைய குதிரை லாயத்தில் ஒரு கோப்பிக் கடை, அதன் வாசலில் "கூலி லைன்" என்று அழகாக எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள். கீழே நிஜமான லயத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்து எத்தனையோ நாளாக ஆட்கள் ஓடையில் தண்ணீர் அள்ளுகிறார்கள். மேலே இந்த லைனில் கோப்பிக்கு நுரையில் இலை வரைந்து கொடுக்கிறார்கள். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பது இவர்களைப் பார்த்துச் சொன்னதுதான்.

சாப்பாட்டு மேசையில் பால் சேர்க்கிற சிரட்டைகளை மினுக்கி, அதற்குள் மெழுகுதிரி ஏற்றி வைத்திருந்தார்கள். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பால்வெட்டுக் கத்தி, அதற்கு மேலே தனியாக ஒரு விளக்கு. கொழும்பு உறவுக்காரர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பாவம், துருப் பிடித்துக் கிடக்கிறது, கேட்டால் என்னுடைய பழைய கத்தியையாவது கொடுத்திருப்பேனே என்றாள். அவளுக்கு நிஜமாகவே இரக்கம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தப் பக்கம் வந்த சம்பந்தி அம்மாள் கத்தியைப் பார்த்து, "இது என்னத்துக்குப் பாவிக்கிறது?" என்று மானேஜரிடம் கேட்டார். மானேஜர் மாலைத்தீவில் வேலை பழகின சிங்களப் பையன். மரத்தில் எப்படிக் கோடு இழுக்க வேண்டும் என்று காற்றிலே வெட்டிக் காட்டினான். அம்மாள் வியந்து வியந்து கேட்டுக்கொண்டார். அவன் காட்டியது தேங்காய் துருவுகிற மாதிரி இருந்தது. போகும்போது அம்மாள் என் பக்கம் குனிந்து, "நாளைக்கு நான் சொன்னது ஞாபகம்தானே?" என்று மெதுவாகக் கேட்டார். ஞாபகம் என்றேன். நெஞ்சுக்குள் நெருப்பு வைத்தவளை யாராவது மறப்பார்களா?

மறுநாள் காலை முன் விறாந்தையில் எல்லோரும் கூடினோம். கொழும்பு ஆட்கள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு பக்கம். அக்காவோடு வந்த லயத்து ஆட்கள் சுவரோரமாக ஒரு பக்கம். அக்கா மகள் உள்ளே அலங்காரத்தில் இருந்தாள். சம்பந்தி அம்மாளும் துரை அறையில் தலை அலங்காரத்தில் இருந்தார். நல்ல நேரம் தொடங்கப் போகிறது. அப்போது மானேஜர் முன்னால் வந்து நின்று, விருந்தாளிகளுக்கு ஒரு ஆச்சரியம், இந்தத் தோட்டத்தின் பாரம்பரிய மேளத்தோடு மங்கல காரியத்தை ஆரம்பிக்கிறோம் என்று இங்கிலீஷிலும் சிங்களத்திலும் சொன்னான். பங்களாவின் பின்பக்கமிருந்து தப்பு மேளக்காரர்கள் வந்தார்கள். சிவப்புத் தலைப்பாகை, சரிகைத் துண்டு. முன்னால் வந்தவர் அக்காவுக்குப் பக்கத்துக் காம்பரா. வந்த மனிதர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே அடிக்கத் தொடங்கினார்.

தோட்டத்தில் பிறந்த எவரும் தப்பின் அடியைக் கேட்டே விஷயத்தைச் சொல்லிவிடுவார்கள். விடியற்காலையில் ஆட்களை வேலைக்குக் கூப்பிட ஒரு அடி. திருவிழாவுக்கு ஒரு அடி. கலியாணத்துக்கு ஒரு அடி. இது அவற்றில் ஒன்றும் இல்லை. இது ஒரு ஆள் போய்விட்டது என்று மலை முழுக்கச் சொல்லுகிற அடி. சாவு அடி.

சுவரோரம் நின்றவர்கள் அப்படியே உறைந்தார்கள். அத்தான் தோளில் கிடந்த சால்வையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். ஒரு கிழவர் பழக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டார். அந்தப் பக்கம் கொழும்பு ஆட்கள் கை தட்டுகிறார்கள். ஒருத்தி போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கிறாள். மாப்பிள்ளையின் சித்தப்பாவோ யாரோ, இடுப்பை வளைத்து நாலு ஆட்டம் வேறு போட்டார். பிண மேளத்துக்கு ஆடுகிறோம் என்று தெரியாமல் ஆடுகிற சம்பந்தக்காரரை நான் என் ஆயுசில் அன்றுதான் பார்த்தேன்.

அப்போதுதான் துரை அறைக் கதவு திறந்தது. சம்பந்தி அம்மாள் வெளியே வந்தார். வந்தார் என்று சொல்ல முடியாது, ஓடி வந்தார். தலையில் பாதி கொண்டை, பாதி கிளிப். செருப்பில்லாத கால். முகத்தில் பூசின மாவு கழுத்தோடு நின்றுபோயிருந்தது. தன்னுடைய ஆட்களைத் தாண்டி, என்னையும் தாண்டி, நேரே அக்காவிடம் வந்து நின்றார்.

"எந்த லயத்துலங்க? யாரு போயிட்டாங்க?"

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. பேசினது அவர் வாய்தானா என்று திரும்பிப் பார்த்தேன். அவர் வாய்தான். யாழ்ப்பாணமும் இல்லை, வெள்ளவத்தையும் இல்லை. எங்கள் பக்கத்துப் பேச்சு, எங்கள் பக்கத்துப் பயம். மேளம் கேட்டதும் எந்த லயம் என்று கேட்கிறவள் லயத்தில் பிறந்தவளாகத்தான் இருக்க வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, அதற்கு மேல் இத்தனை வருஷமாகக் குழம்பும் ஊற்றி வைத்திருந்த மனுஷி, ஒரு தப்புச் சத்தத்தில் சாயம் வெளுத்து நிற்கிறார். ஆஹா என்று இருந்தது எனக்கு. பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷத்தில் உச்சி குளிர்ந்தது.

அக்கா மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரிப் பதில் சொன்னாள். "யாரும் போகலைங்க. ஹோட்டல்காரங்க தெரியாம இந்த அடிய அடிக்கச் சொல்லியிருக்காங்க. பயப்படாதீங்க."

கொழும்பு ஆட்களின் கூச்சலில் இது அவர்கள் காதில் விழவில்லை. நான் நேரே மானேஜரிடம் போனேன். தம்பி, இது மளகெதரவுக்கு, சாவு வீட்டுக்கு அடிக்கிற மேளம், உனக்கு யாராவது கலியாணத்தன்று பிணப்பெட்டி கொண்டுவந்து கொடுத்தால் வாங்குவாயா என்று அவனுக்கு விளங்குகிற சிங்களத்திலேயே கேட்டேன். பையனுக்கு முகம் செத்துப்போயிற்று. எல்லா அடியையும் அடிக்கச் சொல்லிக் கேட்டானாம், இதில்தான் உணர்ச்சி அதிகமாக இருந்ததாம். இருக்காதா பின்னே? தலைப்பாகைக்காரரோ, நான் வேண்டாம்னுதான் சொன்னேன், கேக்கல என்று முனகினார். உடனே கலியாண அடிக்கு மாற்றினார்கள். கொழும்புக்காரி ஒருத்தி, முன்னால் அடித்ததுதான் நன்றாக இருந்தது என்று குறைப்பட்டுக்கொண்டாள்.

நான் திரும்பி வந்தபோது சம்பந்தி அம்மாள் துரையின் சாய்வு நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருந்தார்.  நடந்ததைத் தன் ஆட்களிடம் அவரால் சொல்லவும் முடியாது. சாவு அடி என்று சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள் இல்லையா? அடுப்புக்குள் கையை வைத்துவிட்டுச் சுடுகிறது என்று சொல்ல முடியாத நிலை. நான் போய்ப் பக்கத்தில் நின்று, ஆமா, உங்களுக்கு எந்தத் தோட்டம்ங்க என்று கேட்பதற்கு வாயைத் திறந்தேன். முந்தானைக்குள்ளிருந்து அக்காவின் கை வந்து என் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளியது. அந்தக் கைக்கு எவ்வளவு பலம் என்று நான் மறந்திருந்தேன்.

அக்கா என்னைத் தள்ளிக்கொண்டுபோய்த் தூணோரம் நிறுத்தினாள். அவளுடைய பயம் வேறு. மங்கல காரியத்தில் சாவு அடி விழுந்துவிட்டது. சகுனம் சரியில்லை என்று அந்த அம்மாள் எழுந்து காரில் ஏறிவிட்டால் பிள்ளையின் கதி என்ன? இதில் நான் வேறு குத்திக்காட்டினால் அவமானத்திலேயே முறித்துக்கொண்டு போய்விடுவார். வாயை மூடிக்கொண்டு, சொன்ன மாதிரி நீயும் உன் வீட்டுக்காரரும் போய்த் தட்டை மாற்றுங்கள், காரியம் முடியட்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கையைப் பார்த்துவிட்டு உடனே முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். யாருமே பார்க்கவில்லை, என்னிடம்கூட அவள் கையை மறைத்தாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

அக்கா மகளைக் கூட்டி வந்து உட்கார வைத்தார்கள். பார்க்க மகாலட்சுமி மாதிரி இருந்தாள். மானேஜர், பெண்ணின் பெற்றோர் முன்னால் வரலாம் என்று சொல்லி, யாரோ சொல்லிக் கொடுத்தபடி எங்களைக் கை காட்டினான். என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். யார் கூப்பிட்டாலும் எழுகிற மனுஷர் அவர். பிள்ளை திடுக்கிட்டு அம்மாவைத் தேடினாள். அவள் அம்மா சுவரோரம் இருந்து சிரித்துத் தலையாட்டினாள், சரிதான் சரிதான் என்கிற மாதிரி. நான் என் வீட்டுக்காரரின் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். முறிந்தால் முறியட்டும் என்று அந்த நிமிஷம் எனக்கு இருந்தது உண்மை.

"என்னால முடியாதுங்க. பெத்தவ அந்தா உக்காந்திருக்கா," என்றேன்.

 அக்கா என்னைப் பார்த்த பார்வைக்கு நான் அங்கேயே எரிந்து போயிருக்க வேண்டும். அவள் மகள் எழுந்து நிற்கிறாள், பையன் தன் அம்மாவைப் பார்க்கிறான். எல்லோரும் அந்த அம்மாளைத்தான் பார்த்தார்கள்.  அவர் தன் வீட்டுக்காரருக்குக்கூடக் காத்திராமல் தன்னுடைய தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். கொண்டை இன்னும் பாதிதான் போட்டிருந்தது. என்னைத் திரும்பியும் பார்க்காமல் கடந்து, சுவரோரம் போய் அக்காவின் முன்னால் நின்றார்.

"அக்கா, முந்தானைய எடுங்க. தட்டுக்கு ரெண்டு கையும் வேணும்."

அக்கா எழுந்து நின்றாள். அத்தான்தான் எங்கள் தட்டைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் நின்றார். அவள் இரண்டு கையையும் வெளியே எடுத்தாள், அவளும் அத்தானும் ஆளுக்கொரு ஓரமாகத் தட்டைப் பிடித்தார்கள். வெயில் நேரே அந்தக் கையில் விழுந்தது. படம் எடுத்துக்கொண்டிருந்த கொழும்புக்காரி போனைத் தாழ்த்திவிட்டு, "ஐயோ, அவவின்ர கைக்கு என்ன நடந்தது? சுட்டுப்போட்டுதா?" என்று கேட்டாள்.

சம்பந்தி அம்மாள் திரும்பவில்லை. அக்காவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரப்பர் பாலு," என்றார். "மண்ணெண்ண போட்டுத் தேச்சாலும் போகாது. எங்கம்மாவ கடைசியா குளிப்பாட்டுனப்பவும் போகல."

  தட்டு கை மாறியது.